மாடிப்படிக்குக் கீழே லோஷினி

மலேசியாவில் ரெங்கம் பக்கத்தில் இருக்கிற எங்கள் தமிழ்ப்பள்ளியில் லோஷினியைத் தெரியாதவர்கள் இல்லை. ஐந்தாம் ஆண்டு. வீடு பக்கத்து ஊரான லாயாங் லாயாங்கில். காலையில் கேட்டைத் தாண்டும்போது காவலாளியான எனக்கு வணக்கம் சொல்லாமல் ஒரு நாளும் போனதில்லை. போன வருடம் இரத்தத்தில் நோய் என்றார்கள். கூட்டத்துக்குள் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் பள்ளிக்கு ஓர் இயந்திரம் வந்தது. சக்கரம் வைத்த குச்சி, உச்சியில் ஒரு திரை. வீட்டிலிருந்தே அவள் அதை ஓட்டுவாள், அதன் வழியே பார்ப்பாள், கேட்பாள், பேசுவாள். முடி கொட்டிய பிறகு சில நேரம் திரையைக் கறுப்பாக்கி முகத்தை மட்டும் மறைத்துவிடுவாள்.

படி ஏற அதற்குத் தெரியாது. அறிவியல் கூடம் மாடியில். தூக்கி விடச் சொல்லி விஜிதா டீச்சர் என்னிடம் கேட்டார். இடுப்பு வலி என்றேன். பொய். பதினெட்டு வருடம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலை தூக்கியவன் நான். அது ஒரு சின்னக் குலையின் கனம்கூட இல்லை. கேட் பார்க்க வந்தவனை இதற்கெல்லாம் கூப்பிடுகிறார்களே என்ற வீம்புதான்.

வகுப்பு மேலே போய்விட்டது. இயந்திரம் படிக்குக் கீழே நின்றது, திரை கறுத்துக் கிடந்தது. கேன்டீன் அங்கம்மா வந்து, தூக்கி விட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள்.

“அந்தப் பிள்ள திரும்பி வரவா போகுது? சும்மா ஷோ காட்டுறாங்க லா” என்றேன்.

நோயாளி படுத்திருக்கும் வீட்டில் நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். வாசலைத் தாண்டியதும் எல்லாவற்றையும் பேசிவிடுவோம். லோஷினி லாயாங் லாயாங்கில் அல்லவா இருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன்.

சக்கரம் மெல்லச் சுழன்றது. திரை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. அங்கம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுவாரம் யாரும் கேட்கவில்லை. நானே தூக்கினேன். பாதிப் படியில் திரை வெளிச்சமானது. தலையில் துணி கட்டியிருந்தாள்.

“அங்கிள், இடுப்பு வலிக்கலையா?”

“இல்லம்மா.”

அடுத்த படியில் கால் வைத்தேன். பிறகு கேட்டாள்: “நான் திரும்பி வர்ற அன்னிக்கு லேட்டாயிட்டா, கேட்டைத் திறந்து விடுவீங்களா?”

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. “திறக்கிறேன்மா” என்று மட்டும்தான் வந்தது.

இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. ஏழரைக்குக் கேட்டைச் சாத்துகிறேன். பூட்டைச் சும்மா தொங்க விடுகிறேன், அழுத்துவதில்லை. பெரிய வாத்தியார் இரண்டு தடவை திட்டிவிட்டார்.