வெள்ளை எலிக்கு மருந்து கிடையாது

இன்றைக்கும் குளிக்கும்போது என் கை தானாக அக்குளுக்குப் போய்விடும். ஒன்றும் இருக்காது. மறுநாளும் பார்ப்பேன். பிளாஸ்டிக் டப்பாவில் சூடாகச் சாம்பார் ஊற்றலாமா, கொசுவத்திப் புகை பிள்ளைக்கு ஆகுமா என்று மாமாவுக்குப் போன் போட்டுக் கேட்டபடியே இருப்பேன். ரிட்டயர் ஆன பிறகும் பொறுமையாகப் பதில் சொல்கிறார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மரக்காணம் உப்பளத்தில் அம்மா உப்புக்கூடை சுமந்துகொண்டிருந்த காலத்தில் அவர் படித்துப் படித்து, மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். எந்த ரசாயனம் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிற வேலை. ஊரில் யாராவது கேட்டால் அம்மா, "எலி வளக்கிறான்" என்று மட்டும் சொல்லும்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. எனக்கு ஒன்பது வயதில் அப்படியொரு மழையில் அம்மாவும் நானும் மாமா வீட்டுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை அவர் எலிகளைப் பார்க்கக் கிளம்பினார். நான் அழுது அடம்பிடித்துக் கூடப் போனேன்.

அடுக்கடுக்காகக் கூண்டுகள். உள்ளே சிவப்புக் கண்ணோடு வெள்ளை எலிகள். மாமா கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்து, அக்குள், வயிறு என்று விரலால் தடவினார். வாரா வாரம் இப்படித் தடவிப் பார்க்க வேண்டுமாம்.

"நீங்க குடுக்கிறது விஷமா மாமா?"

"குடுக்கும்போது இல்ல பாப்பா. உள்ள போனதும் ஈரல் அதை மாத்தி வெளிய தள்ளப் பாக்கும். சிலது அப்படி மாத்துறப்பதான் விஷமாயிடும்."

"ஈரலுக்கு அறிவில்லையா?"

"அது நல்லதுதான் பண்ணப் பாக்குது."

ஓர் எலியிடம் அவர் விரல் நின்றது. எனக்கும் ஒரு கையுறை மாட்டிவிட்டு, "மெதுவா தொடு" என்றார். தோலுக்கடியில் புளியங்கொட்டை மாதிரி ஒன்று. அழுத்தினால் நகரவில்லை. எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. உப்பளத்திலிருந்து வந்ததும் உடம்பில் ஊறிய உப்பு போக அம்மா நல்ல தண்ணீரில் குளிக்கும். சோப்புப் போட்டு முதுகும் அக்குளும் தேய்ப்பது நான்தான்.

"இது அம்மாவுக்கும் இருக்குது மாமா," என்றேன், வாத்தியார் கேள்விக்கு முந்திக்கொண்டு கை தூக்குகிற பிள்ளை மாதிரி. "இதைவிடப் பெருசு. எலுமிச்சம்பழம் அளவுக்கு."

எலி அவர் கையிலேயே இருந்தது. "எப்பலேர்ந்து?"

"போன பொங்கலுக்கு முன்னாடியே. கூடை சுமந்து நரம்பு முடிச்சு விழுந்துடுச்சுன்னு அம்மா சொல்லுச்சு."

அதற்கப்புறம் அவர் வேறு எலியைத் தொடவில்லை. கிளம்பும்போது, "அந்த எலிக்கு மருந்து குடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"மாட்டோம். எப்படி வளருதுன்னு பாக்கத்தான் அது இங்க இருக்குது."

பாவம் எலி என்று நினைத்தேன். அம்மாவுக்கு அந்தக் கதி இல்லை. அம்மாவுக்கு மாமா இருக்கிறார்.

வீட்டில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தது. மாமா பக்கத்தில் குந்தி மெல்லக் கேட்டார். "என்னடா, உங்க எலியெல்லாம் தீந்துபோச்சா, இப்ப எம்மேல ஆரம்பிச்சிட்ட?" என்று அம்மா சிரித்தது.

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ அதுக்கு ஒரு பேரு வெச்சிடுவ. அப்புறம் நான் எப்படிடா வேலைக்குப் போறது?"

பெரியாஸ்பத்திரியில் சேர்த்து ஊசி மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. கண் மஞ்சளானது. நோய் ஈரலுக்குப் போய்விட்டது, இனி அது மருந்தைத் தாங்காது என்று நிறுத்திவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கஞ்சி ஊற்ற நின்றேன். அப்புறம் அந்தப் பக்கம் போகவேயில்லை.

மாமா வாரா வாரம் பஸ் பிடித்து வருவார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் முகம் கழுவப் போகிற நேரம் பார்த்து நான் அவர் பையைக் குடைவேன். சாத்துக்குடி, ரொட்டி, ஒரு துண்டு. அவ்வளவுதான். இத்தனை படித்தவரிடம் மருந்து இல்லாமலா போகும்? எங்கேயோ ஒளித்து வைத்துக்கொண்டு, எலியைப் பார்ப்பதுபோல அம்மாவையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவர்மேல் எனக்கு அப்படியொரு கோபம்.

அம்மாவுக்குக் கஞ்சிகூட இறங்காமல் போய், மாமா கடைசியாக வந்த வாரம் பையில் சாத்துக்குடிகூட இல்லை. வாங்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.