பெரியவள் திருத்தாத சொல்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மாமியார் மூத்தவன் மனைவியைப் பெரியவள் என்றும் இளையவன் மனைவியைச் சின்னவள் என்றும் கூப்பிடப் போய், தெருவுக்கே அதுதான் பெயராகிவிட்டது.

பெரியவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பிரேமைச் சூடாக்கி வளைத்து, வந்தவர் காதில் உறுத்தாமல் உட்கார வைப்பாள். லென்ஸின் விளிம்பைத் தேய்ப்பாள். கல்யாணத்தால் பாதியில் நின்றுபோன படிப்பு அவளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நாற்பதை நெருங்கும்போது தபால்வழியில் ஆங்கில இலக்கியம் சேர்ந்தாள். அதற்கு மாலை வகுப்பு நூலகத்தின் மாடியில் நடந்தது.

"தனியா போய்ட்டு வர வேண்டாம், சின்னவளையும் கூட்டிட்டுப் போ" என்றார் மாமியார்.

பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள் சின்னவள். துணைக்கு வந்தவளை வாசலில் காக்க வைக்க மனமில்லாமல் டீச்சர் அவளையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பாடத்தில் விக்டோரியா ராணி காலத்துக் கவிதை ஒன்று வந்தது. பெரிய தியாகத்துக்கு நேரம் வரட்டும் என்று காத்திருக்காதே, படியேறுபவருக்கு விளக்கைத் தூக்கிப் பிடி, களைத்து வந்தவரிடம் இதமாக ஒரு வார்த்தை பேசு, அன்றாடம் செய்யும் சின்னச் செயல் போதும் என்று போகும் கவிதை. பெரியவள் அதைக் கரைத்துக் குடித்துவிட்டாள். ஆலைப் புகையும் வறுமையும் மண்டிய காலத்தில் ஒருவருக்கு ஏன் இப்படி எழுதத் தோன்றியது என்று வகுப்பில் எழுந்து விளக்கவும் செய்தாள்.

"நல்லது. இப்ப நம்ம வாழ்க்கையிலேர்ந்து ஒரு உதாரணம் சொல்லுங்க பார்ப்போம்" என்றார் டீச்சர்.

பெரியவள் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். பின்னாலிருந்து சின்னவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"எங்க எதிர்வீட்டுப் பெரியவருக்குக் காது கேக்காது மேடம். தபால்காரர் பெல் அடிச்சா தெரியாது. நான் போய் ஜன்னல் முன்னாடி நின்னு கையை ஆட்டுவேன், அவர் வந்து கதவைத் திறப்பார். இப்பல்லாம் தபால் வராட்டியும் தினமும் ஒரு தடவை ஆட்டிக்கிறோம்."

வகுப்பே சிரித்தது. டீச்சர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இதுதாங்க கவிதை. மத்ததெல்லாம் வெறும் நோட்ஸ்" என்றார்.

பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. விழுந்து விழுந்து படித்தது யார்? பேர் தட்டிக்கொண்டு போவது யார்?

மறுநாளே அவளும் கச்சை கட்டிக்கொண்டு நல்லது செய்யக் கிளம்பினாள். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பாட்டியின் பையைத் தூக்கிக்கொள்ளப் போக, பாட்டி பையை மார்போடு அணைத்துக்கொண்டு "போலீஸைக் கூப்பிடுவேன்" என்று கத்தினார். கடையில் ஒருவருடைய கண்ணாடியைக் கேட்காமலே வாங்கித் திருகாணியை முடுக்கிக் கொடுத்தாள். "நல்லாத்தானேம்மா இருந்துச்சு, இப்ப மூக்கைக் கடிக்குதே" என்றார் அவர். காலையில் மாமியாரின் கட்டிலுக்கே டீ கொண்டுபோனாள்.

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், சின்னவளுக்கு உடம்பு சரியில்லையா?"

பெரியவள் டம்ளரை 'ணங்'கென்று வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள்.

நூலக ஆண்டுவிழாவில் அந்தக் கவிதையை மேடையில் சொல்ல டீச்சர் சின்னவளைத்தான் தேர்ந்தெடுத்தார். சின்னவள் நேராகப் பெரியவளிடம் வந்தாள். "அக்கா, எனக்கு இங்கிலீஷ் வாய்ல நுழையாது. நான் சொல்லிக் காட்டறேன், தப்பா இருந்தா திருத்துங்க."

மாவு பிசைந்தபடியே சொல்லிக் காட்டினாள். அங்கங்கே தடுமாறியதைப் பெரியவள் திருத்தினாள். ஆனால் ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் வரும் 'டீட்' என்ற சொல்லை அவள் 'டெட்' என்று குறுக்கினாள். செயல் என்ற சொல் செத்தது என்று ஆகிவிட்டது. பெரியவள் காதில் அது தெளிவாக விழுந்தது. வாய் திறக்கப் போனவள் மூடிக்கொண்டாள்.

"சரியா இருக்காக்கா?"

"ம், நல்லாத்தான் இருக்கு."

விழாவில் முதல் பத்தி முடிந்ததும் முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது பத்திக்குச் சிரிப்பு வெளியே கேட்டது. உலகத்தைக் காப்பாற்ற தினம் ஒரு சின்னச் சாவு போதும் என்று சின்னவள் மனமுருகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசிப் பத்தியில் அரங்கமே குலுங்கியது. ஏன் என்று புரியாமல் அவள் கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

"அது டீட், டெட் இல்ல. வீட்ல யாரும் கேட்டுத் திருத்தலையாம்மா?" என்றார் டீச்சர், சங்கடத்தோடு.

சின்னவள் பெரியவளைத் திரும்பிப் பார்த்தாள். "இல்ல மேடம். நானாத்தான் படிச்சேன்."

இதற்குப் பதில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று பெரியவளுக்குத் தோன்றியது. காட்டிக்கொடுக்காத பெருந்தன்மையையும் அவளே எடுத்துக்கொண்டாளே!

வீட்டுக்குப் பாதி வழி வந்ததும் சின்னவள் நின்றாள். "உங்களுக்குத் தெரியும்லக்கா?"

பெரியவள் தெருவிளக்கைப் பார்த்தாள். "தெரியும்."

"உங்களுக்கு வேலை இருக்கு, படிப்பு இருக்கு. வீட்ல நீங்க சொன்னா எடுபடும். எனக்கு என்ன இருக்கு? நாலு பேர்கிட்ட நல்லவளா இருந்தாத்தான் எனக்கு அங்க ஒரு இடம். அதையும் பிடுங்கிக்கணுமா?" அவள் மறுபடி நடக்க ஆரம்பித்தாள். "நான் மேடம்கிட்ட சொல்லாதது உங்களுக்காக இல்ல. வீட்டு மானம் போகக் கூடாதேன்னு."

அதன்பின் சின்னவள் வகுப்புக்கு வரவில்லை. பெரியவளோடு பேச்சும் இல்லை. மறுநாள் மதியம் கடையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் முந்தின நாள் பருக்கைகள் ஒட்டியிருந்தன. அதன் மேலேயே அவசரத்தில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். டப்பாவை மூடி வைத்துவிட்டுப் பட்டினியாகவே இருந்தாள். மாலை வீட்டுக்கு வந்தால், வெயிலில் காயப்போட்ட புடவை மழையில் நனைந்து தெப்பமாகக் கிடந்தது. வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு போட்ட இடத்திலேயே ஊறியது. இத்தனை வருடமாக இதையெல்லாம் யார் செய்தார்கள் என்று அவள் யோசித்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. அதிலும் ஒரு எரிச்சல், இங்கேயும் அவள்தான் ஜெயித்திருக்கிறாள் என்று.

அடுத்த வகுப்பில் எழுந்து, "மேடம், விழாவுக்கு முன்னாடி சின்னவ சொல்லிக் காட்டினப்ப நான்தான் கேட்டேன். தப்புன்னு தெரிஞ்சும் திருத்தல" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். வகுப்பில் அப்படிச் சொல்லிவிட்டதை வீட்டுக்கு வந்து சின்னவளிடம் சொன்னாள். "துணைக்கு வா. தனியா வர ஒரு மாதிரி இருக்கு."

சின்னவள் உடனே இறங்கிவரவில்லை. ஒரு மாதம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு மாலை தானாகவே வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். "அத்தைதான் போகச் சொன்னாங்க" என்றாள்.

பெரியவள் பட்டம் வாங்கினாள். சான்றிதழை மாமியார் கையில் கொடுத்ததும் அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாவம், சின்னவதான் உனக்காக எத்தனை நாள் நடந்திருக்கா!"

பெரியவளுக்கு வயிறு மறுபடியும் எரிந்தது. அடுப்படியில் சின்னவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. "சிரிக்காதேடி" என்று அதட்டிவிட்டு, பெரியவளும் சிரித்துவிட்டாள்.