மீன் வாங்கிய வாசுகி மேடம்

செய்தி வந்தபோது நான் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். "அக்கா தூக்கத்துலயே போய்ட்டாங்க சார்" என்றார் போனில் வாசுகி மேடத்தின் தம்பி. புது மாணவிகளின் வகுப்பு தொடங்க இன்னும் சில நாட்களே இருந்தன. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பல்கலைக்கழகப் புவியியல் துறையில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மேசைக்காரர்கள். சேரும் பிள்ளைகள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தார்கள். இந்த முறையும் சேர்க்கை இல்லையென்றால் ஐந்தாண்டுப் படிப்பையே மூடிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. நான் நோட்டீஸ் அடிக்கலாம் என்றேன். மேடம் மீன் வாங்கப் போனார்.

அவர் சுத்த சைவம். ஆனாலும் கடலோரக் குப்பங்களுக்குப் போய், மீன் விற்கும் அம்மாக்களிடம் பேரம் பேசி வாங்கிய பிறகுதான், "வீட்ல பிளஸ் டூ முடிச்ச பொண்ணு இருக்கா?" என்று ஆரம்பிப்பார். "வியாபார நேரத்துல சும்மா நின்னு காலேஜ் பேசினா யார் சார் காது குடுப்பா?" என்பார். தாம்பரத்தில் இறங்கியதும் அந்த மீன், அவருக்குத் தெரிந்த ஓர் ஆட்டோக்காரர் வீட்டுக்குப் போய்விடும். அதுவரை பஸ்ஸில் மீன் வாடைக்கு அவர் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். "ரெண்டு சீட்டும் எனக்குத்தான்" என்று சிரிப்பார்.

ஒருநாள் குப்பத்திலிருந்து நேரே துறைக் கூட்டத்துக்கு வந்தவர், மீன் பையை என் அலமாரியில் வைத்து மறந்துவிட்டார். எலி செத்துக் கிடக்கிறது என்று துறைத்தலைவர் எல்லா அலமாரிகளையும் திறக்கச் சொன்னார். மானம் போயிற்று. அன்று முழுக்க நான் மேடத்துடன் பேசவில்லை. இனி யாரிடம் கோபித்துக்கொள்வேன்?

பெண்ணைத் தனியாக அனுப்பத் தயங்கும் அம்மாக்களுக்கு அவர் ஒரு வாக்குக் கொடுப்பார். முதல் நாள் தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் நிற்பேன், என் கையில் விட்டுவிட்டுப் போங்கள் என்பார். அதை நம்பித்தான் இந்த வருஷம் இடங்கள் நிரம்பின.

வகுப்பு தொடங்கிய அன்று அந்த இடத்தில் நான் போய் நின்றேன். மகளுடன் வந்த, மீன் விற்கும் செல்வி, "டீச்சரம்மா வர்லியா சார்? அவங்களே இட்டுகினு போறேன்னு சொன்னாங்களே" என்றார். மேடம் இறந்துவிட்டார் என்று சொன்னேன். செல்வி மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரும்பி அழைத்துப் போய்விடுவார் என்றே பயந்தேன்.

பிறகு, "நீ மீன் துன்னுவியா சார்?" என்றார்.

எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. ஆனாலும் சாப்பிடுவேன் என்று தலையாட்டினேன்.

"அப்போ ஞாயித்துக்கெழம வந்து எங்கையால வாங்கு. எம்பொண்ணு இன்னா படிக்குதுன்னு வந்து சொல்லு." மகளின் கையை என்னிடம் கொடுத்தார். அந்தப் பெண் என்னோடு ரயிலேறினாள்.

மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான். போன வாரம் செல்வியிடம் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கூட்டம் நெரிந்தது. தாம்பரம் வரைக்கும் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. நான் அழுதுகொண்டே வந்தேன்.