நாலாம் வகுப்பு மூட்டைகள்

கடல் தாண்டி, அலோன் துறைமுகத்தில் நான் கணக்கு எழுதும் உளுந்துக் கிட்டங்கியில், சாந்தகுமாரிக்குக் கிழிந்த மூட்டை தைக்கிற வேலை. வாய் ஓயாது. கையில் கோணி ஊசி இருப்பதால் யாரும் எதிர்த்துப் பேசுவதும் இல்லை. சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்த குடும்பத்துப் பிள்ளைகள் வாசலில் திரிவதைப் பார்த்தவள், ஒருநாள் அத்தனை பேரையும் உள்ளே தள்ளிப் பாடம் ஆரம்பித்துவிட்டாள். முதலாளி மீரா முகைதீனிடம் அப்புறம்தான் சொன்னாள். நான் அப்படிச் செய்திருந்தால் அன்றே சீட்டைக் கிழித்திருப்பார். எனக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் உண்டு. பிள்ளைகளுக்கு அவள் சயாமா; இந்த ஊர்ப் பேச்சில் வாத்தியார் என்றால் சயா, டீச்சர் என்றால் சயாமா.

பெஞ்சு கிடையாது. மழைக்காலத்தில் தரையெல்லாம் நசநசப்பு. ஆகவே உளுந்து மூட்டைதான் ஆசனம். ஒன்றாம் வகுப்புக்கு ஒரு மூட்டை, இரண்டாவதுக்கு இரண்டு. பாஸானால் ஒரு மூட்டை மேலே ஏறலாம். நாலு மூட்டை உயரத்தில் இருந்தவள் ஹுஸ்னா மட்டும்தான். பன்னிரண்டு வயது. மேலேயிருந்து எங்களை அவள் பார்க்கும் பார்வையில் முதலாளியே தோற்றார்.

போன மாதம் சென்னைக் கப்பல் வந்தது. பள்ளிக்கூடத்து ஆசனமெல்லாம் லாரி ஏறின. மற்றப் பிள்ளைகள் கும்மாளமாகக் குதித்தார்கள். ஹுஸ்னா அசையவில்லை.

"எறங்கு புள்ள, லாரி நிக்குது" என்றாள் சாந்தகுமாரி.

"மாட்டேன் சயாமா. ஓடிப்போன ஊர்ல எல்லாம் சர்டிபிகேட் இல்லன்னு என்னைய ஒண்ணாங்கிளாஸ்லயே போட்டாங்க. மூணு தடவ படிச்சிட்டேன். எறங்கினா மறுபடியும் அதான்."

சாந்தகுமாரி மூட்டைகளுக்கு முன்னால் போய் ஊசியோடு நின்றுகொண்டாள். சுமைகாரர்கள் பின்வாங்கினார்கள்.

முதலாளி கத்திக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் குரல் இறங்கியது.

"இந்தா புள்ள, தரையில ஒக்காந்தாலும் நீ நாலாங்கிளாஸ்தான். நான் சொல்றேன்ல?"

"முந்தின ஊர் சயாவும் அப்படித்தான் சொன்னாரு" என்றாள் ஹுஸ்னா.

முதலாளி தாடியைச் சொறிந்தார். பிறகு லாரியைப் போகச் சொன்னார்.

சரக்கு போய்ச் சேர்ந்ததும் சென்னை வியாபாரி போனில் கத்தினார், நாலு மூட்டை குறைகிறதென்று. முதலாளி நிமிர்ந்து பார்த்தார். உச்சியில் ஹுஸ்னா நாக்கைக் கடித்துக்கொண்டு வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அது நாலாங்கிளாஸ் படிக்குது பாய்" என்றார். "இப்பவே சொல்லிட்டேன், புள்ள பாஸாயிட்டா அடுத்த கப்பல்ல அஞ்சு குறையும்."