பெரிதாக்கிப் பார்த்த படம்

ஆரணி, கபிலன், இதை நீங்கள் எப்போது வாசிப்பீர்களோ தெரியாது. எனக்கு இங்கிலிஷில் எழுத வராது, உங்களுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆறுதலாக வாசியுங்கோ. விளங்காத இடத்தில் அம்மாவைக் கேளுங்கோ. ஊரில் இருக்கிறவர்களும் என்னைப்போல இங்கே வந்தவர்களும் கூட வாசித்தால் வாசிக்கட்டும். ஆனால் இது முதலில் ஆரணிக்கு.

காலையில் நான் மரக்கறி பொதி செய்யும் வேலைக்குப் போகிற வழியில் ஒரு புல்வெளி வரும். அங்கே நிற்கிற நாலைந்து குதிரைகளுக்குக் குளிர்காலத்தில் கோட்டுப் போட்டிருப்பார்கள். வெயில் காலத்தில் முகத்தை மூடி ஒரு வலை கட்டியிருப்பார்கள். முதல் வருஷம் அதைக் கண்டுவிட்டு, குதிரைகளின் கண்ணைக் கட்டி வைத்திருக்கிறார்களே என்று அன்று முழுக்க எனக்கு மனம் சரியில்லை. கூட வேலை செய்கிற வியட்நாம்காரர் சிரித்துப்போட்டு, அது இலையான் மொய்க்காமல் இருக்கக் கட்டுவது, உள்ளே இருந்து குதிரைக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னார். இந்த நாட்டில் நான் கண்டு பிழையாக விளங்கிக்கொண்டவை கனக்க. அதனால் எதைக் கண்டாலும், எனக்குத்தான் விளங்கவில்லை, அவர்களுக்குத் தெரியும் என்று வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டேன். போன மாசி மாதம் அந்தத் திடலில் நின்றபோதும் இந்தப் பழக்கம் என்னோடுதான் நின்றது.

நாங்கள் இருக்கிற நோபல் பார்க்கிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கார் ஓடிப் போன அந்தச் சின்ன ரவுனின் பெயர் இன்னும் என் வாயில் சரியாக வராது. அங்கே வருஷா வருஷம் நடக்கிற விழாவை ‘ஷோ’ என்கிறார்கள். மாடு, ஆடு, பூசணிக்காய், வீட்டில் செய்த கேக் எல்லாவற்றுக்கும் பரிசு. தாத்தா காலத்திலிருந்து நடப்பதாம். எங்கள் கோயில் திருவிழா மாதிரித்தான், சாமி மட்டும் இல்லை. ஆரணியின் பள்ளித் தோழி எமிலியின் சொந்தக்காரர் அந்த ஊர். குதிரையில் வித்தை காட்டுகிறவர்கள் வருகிறார்கள் என்று எமிலி கூப்பிட்டிருந்தாள். “அப்பா, உங்கட பெரிய லென்ஸையும் கொண்டு வாங்கோ” என்று ஆரணி சொன்னபோது எனக்கு வந்த சந்தோசத்தை நான் காட்டிக்கொள்ளவில்லை. சனி ஞாயிறுகளில் சாமத்தியவீட்டுச் சடங்கும் பிறந்தநாளும் படம் எடுக்கிற அப்பாவை மகள் தன் சிநேகிதியிடம் கூட்டிக்கொண்டு போகிறாள் என்பது சின்ன விஷயமா? அம்மாவுக்கு வேலை. நாங்கள் மூன்று பேரும் போனோம்.

திடலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. சனங்கள் மடக்குக் கதிரைகளைக் கொண்டுவந்து போட்டு, தொப்பியோடு அமைதியாக இருந்தார்கள். ஊரில் நான் மாட்டுவண்டிச் சவாரிக்குப் படம் எடுக்கப் போயிருக்கிறேன். அங்கே கயிறும் இல்லை, ஒருவரும் இருப்பதும் இல்லை. வண்டியோடு சேர்ந்து சனமும் ஓடும். சில்லில் ஏதும் பிசகு என்றால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், வண்டிக்காரனைத் தூசணத்தால் பேசித்தான் நிற்பாட்டுவார்கள். இங்கே கயிற்றுக்கு உள்ளே ஒரு உலகம், வெளியே ஒரு உலகம். இடையில் மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒரு வயதானவர், கையில் வோக்கி-ரோக்கியோடு.

குதிரைக்காரர் நாலு பேரும் முதலில் மெதுவாக ஒரு சுற்று வந்தார்கள். கடைசியாக வந்தவள் ஒரு பெட்டை. இருபது வயது இருக்கும், செம்பட்டைப் பின்னல், வெள்ளிப் பூ வைத்த நீலச் சட்டை. அவள் சேணத்தின் மேல் எழும்பி நின்று இரண்டு கையையும் விரித்தபோது நான் படம் எடுத்தேன். எடுத்த கையோடு கமராவின் சின்னத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். அது என் வேலைப் பழக்கம். சாமத்தியவீட்டில் பிள்ளை கண்ணை மூடியிருந்தால் தாய் தகப்பன் மனவருத்தப்படுவார்கள், அதனால் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி முதலில் கண்ணைப் பார்ப்பேன். அவளின் கண் திறந்திருந்தது. விரல் கொஞ்சம் கீழே வழுக்க, குதிரையின் வயிறு வந்தது. சேணத்தை இழுத்துப் பிடிக்கிற பட்டிகள் இரண்டு. முன்பட்டி இறுக்கமாக இருந்தது. பின்பட்டியின் பக்கிள் கழன்று, நுனி கீழே தொங்கியது. அடுத்த படத்திலும் தொங்கியது. நிமிர்ந்து வெறுங்கண்ணால் பார்த்தேன், அவ்வளவு தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒலிபெருக்கியில், அடுத்த சுற்றில் அவள் ஒற்றைக் காலைக் கொளுவிக்கொண்டு தலைகீழாகத் தொங்கப் போகிறாள் என்று அறிவித்தார்கள். அவ்வளவு பாரமும் ஒரு பக்கம் இழுக்கும். ஒற்றைப் பட்டி தாங்குமா?

கயிற்றடியில் போய் மஞ்சள் சட்டைக்காரரைக் கூப்பிட்டேன். “சேர், ஹோர்ஸ் பெல்ட், ப்ரொப்ளம்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் லென்ஸைப் பார்த்தார். கயிற்றுக்குள்ளே வந்து படம் எடுக்கக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். “பிஹைன்ட் த ரோப், மேட்” என்று சிரித்தபடியே சொன்னார். நான் கமராவைத் திருப்பித் திரையைக் காட்டினேன். அந்தப் பதற்றத்தில் என் விரல் எங்கேயோ பட்டு, பெரிதாக்கிய படம் பழையபடி சுருங்கி முழுப் படமாகிவிட்டது. கையை விரித்தபடி குதிரையில் நிற்கிற பிள்ளை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். “பியூட்டிபுல் ஷொட்” என்றார். அதோடு விடாமல், எதிர்ப்பக்கம் போய் நின்றால் வெயில் முதுகில் விழும், இன்னும் நல்ல படம் கிடைக்கும் என்று கையாலும் காட்டினார். நல்ல மனுசன். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

பத்தடி தள்ளி ஆரணி எமிலியோடு நின்றாள். ஓடிப் போய், பிள்ளை, வந்து இவருக்குச் சொல்லு, பட்டி கழண்டு கிடக்குது என்றேன். எமிலியும் அவளின் தாயும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆரணியின் முகம் சிவந்து போனது. “அப்பா, ப்ளீஸ். தே நோ வட் தே ஆர் டூயிங். எல்லாரும் பாக்கினம்” என்று பல்லைக் கடித்துச் சொன்னாள். நான் அவளுக்குப் படத்தைக்கூடக் காட்டவில்லை. அவர்களுக்குத் தெரியும் என்று அவள் சொன்னது, நான் வருஷக்கணக்காக எனக்கே சொல்லிக்கொள்கிறதுதானே.

பிறகு நடந்ததைச் சின்னவன் கபிலனும் கண்டான். அந்த நீலச் சட்டைப் பிள்ளை வேகமாக வந்தாள், உடம்பைச் சரித்தாள், தலைமயிர் புல்லைத் தொட்டது, சனம் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குள்ளே சேணம் மெல்ல மெல்லக் குதிரையின் வயிற்றுப் பக்கம் உருண்டது. கொளுவின கால் கழலவில்லை. குதிரை பயந்து இன்னும் ஓடியது. மற்றக் குதிரைக்காரரில் இரண்டு பேர் குறுக்கே விட்டு மறிக்கும்வரை அவள் இழுபட்டாள். என் கண் கமராவிலேயே இருந்தது, விரல் தன்பாட்டில் அமத்திக்கொண்டிருந்தது. படம் எடுக்கிறேன் என்று எனக்குத் தெரியவே தெரியாது. சீலை பிடித்து மறைத்தார்கள், அம்புலன்ஸ் வந்தது. அவளுக்கு நினைவு இருக்கிறது, கதைக்கிறாள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சனம் திரும்பவும் கைதட்டியது. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நான் கேட்கவும் இல்லை, அவளின் பெயரையும் நான் கவனித்திருக்கவில்லை.

நாலாம் நாள் குசினியில் நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க, ஆரணி வந்து பின்னால் நின்றாள். “ஐ ஷுட் ஹாவ் ஜஸ்ட் செட் இட், அப்பா” என்றாள். தான் சொல்லியிருக்க வேணும் என்றாள். நான் பதறிப்போய், உன்னில என்னம்மா பிழை, அப்பாவுக்கு இங்கிலிஷ் வராததாலதானே இவ்வளவும் என்றேன். அவள் அறைக்குள் போய்விட்டாள். அன்று தொடங்கி ஒழுங்காகச் சாப்பாடு இல்லை, எமிலியோடு பேச்சும் இல்லை. எனக்குப் பிறகுதான் உறைத்தது. இங்கிலிஷ் இல்லாததுதான் காரணம் என்றால், இங்கிலிஷ் இருந்த ஆள் அங்கே யார்? ஆறுதல் சொல்கிறேன் என்று முழுப் பாரத்தையும் என் பிள்ளையின் தலையில் இறக்கி வைத்துவிட்டேன். ஆரணி, நான் உனக்குச் சொன்னது பொய். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் வவுனியாவில் ஒரு ஸ்ரூடியோவில் வேலை. சண்டைக் காலம் அது, ஒருநாள் ஆமியின் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் நின்றவர் அடையாள அட்டையை மேசையில் வைத்தார். காற்றுக்கு அது பறந்து மேசைக்குக் கீழே, மண்மூடைக்குப் பின்னால் விழுந்தது. நான் மட்டும்தான் கண்டேன். ஆமிக்காரன் திரும்பி வந்து அட்டை எங்கே என்று கேட்டான். வைத்தேன் என்றார் அவர். அவரைத் தனியே கூட்டிக்கொண்டு போனார்கள். கையை நீட்டிக் காட்டினால் போதும். எனக்குச் சிங்களமும் அவ்வளவுக்கு வரும். ஆனால் சீருடைச் சட்டை போட்ட ஆளுக்கு முன்னால், கேட்காமல் வாய் திறக்கக் கூடாது என்று என் உடம்பு படித்து வைத்திருந்தது. என் அட்டையைத் திருப்பித் தந்தார்கள். நான் பஸ்ஸில் ஏறினேன். பஸ் வெளிக்கிட்டது. அவர் என்ன ஆனார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இதை அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை.

அந்தத் திடலில் நின்றது ஒரு கிழவர், சம்பளமில்லாமல் உதவிக்கு வந்தவர், மேற்சட்டையும் இரவல் மாதிரித் தொளதொள என்று இருந்தது. அவர் கயிற்றுக்குப் பின்னால் என்று சொன்னதும் என் கால் தானாகப் பின்னுக்குப் போனது. ‘ஸ்டொப்’ என்ற சொல் எனக்குத் தெரியும், ஆரணி. சந்திக்குச் சந்தி பலகையில் எழுதி வைத்திருக்கிற சொல் அது. கயிற்றுக்குக் கீழால் குனிந்து போய்க் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் என்னைப் பிடித்துத் தள்ளியிருப்பார்கள், எமிலியின் தாய் பார்த்திருப்பா, நீ வெட்கப்பட்டிருப்பாய், அவ்வளவுதான். கத்தவில்லை. இங்கிலிஷ் தெரிந்தவன் என்றாலும் நான் கத்தியிருக்க மாட்டேன். பதினைந்து வயதுப் பிள்ளை நீ, உன்னிடம் ஒரு படத்தைக்கூடக் காட்டாமல் கேட்டவன் நான். நீ சுமக்க இதில் ஒன்றும் இல்லை. இதைச் சொன்னால் உன் மனம் லேசாகுமா என்றும் எனக்குத் தெரியவில்லை. வேறு செய்ய வழியும் தெரியவில்லை.

அந்த ஷோ நடந்து இரண்டு கிழமை கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்களுக்குச் சொல்லாமல் தனியே அங்கே போனேன். கமரா கொண்டு போகவில்லை. விழா முடிந்த திடல் வெறுமையாக இருந்தது. கயிற்றைக் கழற்றி எடுத்துவிட்டார்கள், கம்பிகள் நட்ட துளைகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. அன்றைக்கு நான் நின்ற இடத்தைத் தேடிப் பிடித்து நின்றேன். தூரத்தில் ஒருவர் புல்லு வெட்டுகிற மெசினில் இருந்து, எனக்கு முதுகைக் காட்டியபடி போய்க்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்காது என்று நினைத்து, மூச்சை இழுத்து, “ஸ்டொப்” என்று கத்தினேன். என் குரல் இவ்வளவு பெரிது என்று எனக்கே தெரியாது. மெசின் நின்றது. அவர் இறங்கி, கையை நெற்றியில் வைத்து என்னைப் பார்த்தார். என்ன பிழை, எங்கே என்று கேட்பது போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். நான் சொல்வதற்காகக் காத்து நின்றார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். அவர் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு, திருப்பிக் கையை ஆட்டிவிட்டு ஏறி இருந்தார். துளைகளின் வரிசைக்கு வெளியே நின்றபடி, அவர் மறுபடி வெட்டத் தொடங்கும்வரை நானும் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.