பீரோவில் மடித்து வைத்த கவசச் சட்டை

மங்காவை எங்கள் வாள்வீச்சு கிளப்பில் கஞ்சப் பிசினாரி என்றுதான் சொல்வோம். நான் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவளுக்கோ கோபம் என்றால் என்னவென்றே தெரியாது. யார் என்ன சொன்னாலும் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு வாளை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் நிற்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

முழுப் பெயர் அலர்மேல்மங்கை. ஊர் வடமாலபேட்டை. நைனா பாஸ்கர் நிலத்தில் வேர்க்கடலை போடுகிறவர். போர்க் கிணறு வற்றிப்போன வருஷம் அம்மா ஸ்வர்ணலதா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். இரண்டு வருஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனவர், இரண்டு முடிந்ததும் இன்னும் இரண்டு என்றார். அப்போது பத்தாவது படித்த மங்கா இப்போது திருப்பதியில் டிகிரி இரண்டாம் வருஷம். நடுவில் ஒரு தடவைகூட அம்மா ஊருக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு செல்லில் முகம் காட்டுவார், அவ்வளவுதான். மங்காவுக்கு மெடலும் வேண்டியிருந்தது, வேலையும் வேண்டியிருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மா வேண்டியிருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

அம்மா வேலை செய்யும் வீட்டுப் பெண்ணும் வாள்வீச்சு ஆடுகிறவள். அவள் உயரமாக வளர்ந்துவிட்டதால், அவளுடைய போட்டி உடுப்பை, “உன் பெண்ணுக்கு அனுப்பு” என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்வர்ணலதா அம்மா அதைத் துவைத்து, தேய்த்து, தன் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு, ஊருக்கு வருகிற ஆள் கிடைக்க ஐந்து மாதம் காத்திருந்தார். கடைசியில் அங்கே டிரைவராக இருக்கும் புத்தலப்பட்டு முனிகிருஷ்ணன் அண்ணன் லீவில் வரும்போது கொண்டுவந்து கொடுத்தார்.

எண்ணூறு நியூட்டன் குத்து தாங்குகிற உடுப்பு அது. எங்கள் கிளப்பில் அப்படி ஒன்றை யாரும் கையால் தொட்டதுகூட இல்லை. எங்களுடையதெல்லாம் முன்னூற்றைம்பது. வாள் முனை மொட்டைதான், குத்தினால் கன்றிப்போவதோடு சரி. ஆனால் குத்துகிற வேகத்தில் வாள் முறிந்தால் முறிந்த இடம் ஊசி. அதைத் தடுக்கத்தான் எண்ணூறு.

சரி, அதைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வர வேண்டியதுதானே? வரமாட்டாள். பத்துப் பேர் மாற்றி மாற்றிப் போட்டு, அக்குளில் தையல் விட்டு, கந்தலான கிளப் சட்டைதான் அவளுக்குத் தினமும். அம்மா அனுப்பியது பீரோவில். சித்தூரில் மாவட்டப் போட்டி, ஆந்திரா மீட் என்று வந்தால்தான் வெளியே வரும். ஆடி முடித்த அடுத்த நிமிஷம் கழற்றி, நிழலில் ஹேங்கரில் மாட்டி, ஆறியதும் மடித்து உள்ளே வைத்துவிடுவாள். துவைக்கவும் மாட்டாள்.

“கல்யாணப் பட்டாடி அது? தினம் போட்டா தேஞ்சா போவும்?” என்று கேட்டேன்.

“இருக்கட்டும் நந்திதா,” என்றாள். அதே சிரிப்பு.

எங்கள் கோச் சுதீர் சாருக்கும் அவளுக்கும் இதுவே ஓயாத வழக்கு. “இதோ பாரம்மா, ப்ராக்டீஸ்ல எதப் போடுறியோ அதத்தான் மேட்ச்சிலயும் போடணும். புதுச் செருப்பப் போட்டுக்கினு எவனாவது மலை ஏறுவானா?” என்பார். உண்மைதான். அந்தத் துணி விறைப்பாக இருக்கும். பயிற்சியில் என் மணிக்கட்டில் கொட்டுகிறவள், போட்டியில் கையை நீட்டினால் நாலு விரல் குறையும். போன வருஷம் காலிறுதியில் பதினைந்துக்குப் பதின்மூன்றில் தோற்றதும் அப்படித்தான். போட்டிக்கு நிற்கும் முன்னால் சட்டைக் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வாள். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வருஷ செலக்‌ஷனுக்கு இரண்டு வாரம் இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டு ஆடினோம். புழுக்கம் தாங்காமல் உள்ளே போடுகிற அரைக் கவசத்தை அவளும் போடவில்லை, நானும் போடவில்லை. வரிசையாக நாலு தடவை என் மணிக்கட்டில் குத்தினாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஐந்தாவதற்கு அளவும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தேன். என் வாள் வில்லாக வளைந்தது, பட்டென்று ஒரு சத்தம். ஆனால் பாய்ந்த கை நிற்கவில்லை.

முறிந்த முனை அக்குளுக்குக் கீழே, அந்தத் தையல் விட்ட இடத்தில் போயிருந்தது. வெள்ளைத் துணியில் சிவப்பு பரவியதும் நான்தான் அலறினேன். அவள், “ஒண்ணும் இல்லடி, ஒண்ணும் இல்ல,” என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள்.

ஏழு தையல். இன்னும் இரண்டு விரல் உள்ளே போயிருந்தால் வேறு கதை என்றார் டாக்டர். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தையல் போட்டு வெளியே கொண்டுவந்து படுக்க வைத்தபோது நாலு மணி. செல் அடித்தது. அவளால் கையைத் தூக்க முடியவில்லை. நான்தான் பிடித்துக்கொண்டேன்.

“துன்னியா?” என்றுதான் ஸ்வர்ணலதா அம்மா எப்போதும் ஆரம்பிப்பார். அன்றைக்கும் வாயைத் திறந்தவர் மருந்துக் கட்டைப் பார்த்துவிட்டார். “இன்னாடி அது? இன்னாடி ஆச்சு?”

நான் அழுதுகொண்டே சொன்னேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்தச் சட்டை போட்டுக்கினு இருந்த?”

“பழசு.”

“நான் அனுப்பனது எங்க?”

“பீரோல கீதும்மா.”

“பீரோலயா?” அந்த அம்மா போட்ட கத்தலில் நர்ஸ் திரும்பிப் பார்த்தார். “பீரோவையாடி குத்த வராளுங்க? பந்தயம் வருஷத்துக்கு ரெண்டு நாளு. மிச்ச நாளெல்லாம் ப்ராக்டீஸ்லதான குத்து வாங்கிக்கினு கீற? உன் உடம்புக்குன்னு அஞ்சு மாசம் பொத்திப் பொத்தி வெச்சி அனுப்பனேனே, பாவி!”

மங்கா சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்து முதல் தடவை அவள் உதடு கோணியது.

“தினம் போட்டா துவைக்கணும்மா. துவைச்சா உன் வாசன பூடும். ஆறு மேட்ச்சு போட்டதுலயே பாதி பூட்ச்சு.”

செல்லில் முகம் மறைந்தது. மேலே ஒரு மின்விசிறி மட்டும் தெரிந்தது. ஒரு குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அடிப்பாவி, இதற்கா உன்னைக் கஞ்சப் பிசினாரி என்றேன்? எனக்கு என் நாக்கையே கடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

திரும்பி வந்தபோது அம்மாவின் முகம் ஈரமாக இருந்தது. “தினம் போட்டுக்கோ. என் தலைமேல சத்தியம் பண்ணு,” என்றார். பண்ணினாள்.

அந்த செலக்‌ஷனுக்கு அவள் போக முடியவில்லை. நான் போனேன், முதல் சுற்றிலேயே தோற்று வந்தேன். எனக்கு நன்றாக வேண்டும்.

தையல் ஆறி வந்த நாளிலிருந்து எண்ணூறுதான் தினமும். ஒரு வாரம் கையை நீட்ட முடியாமல் திணறினாள். பிறகு துணி இளகிக் கொடுத்தது. மறுபடி என் மணிக்கட்டுக்குக் கேடு வந்தது. வியர்வையில் சட்டை தொப்பலாகிவிடும், எத்தனை நாள் துவைக்காமல் இருக்க முடியும்? முதல் தடவை துவைத்தபோது நானும் வடமாலபேட்டைக்குப் போயிருந்தேன். கொடியில் காய்ந்ததும் எடுத்துக் கழுத்துப் பக்கம் முகர்ந்து பார்த்தாள். உள் மடிப்பில் பார்த்தாள். கைப் பக்கம் பார்த்தாள். பிறகு சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நின்றாள்.

நாலு மணிக்கு செல் அடித்தது.

“துன்னியா? துவைச்சியா?”

“துவைச்சேன்.”

“பூட்ச்சா?”

“பூட்ச்சும்மா.” அழுதுவிட்டாள். “நீ எப்பம்மா வருவ?”

அந்த அம்மா செல்லை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். “உன் பாவாடை ஒண்ண எடுத்துக்கினு வந்தேன். தலைமாட்டுல வெச்சிக்கினு படுப்பேன். அதுலயும் இப்ப ஒண்ணும் இல்ல,” என்றார். “முனிகிருஷ்ணன் மறுபடி லீவுல வந்துக்கீறான். அடுத்த வாரம் திரும்புறான். நீ வாள் புடிக்கிற க்ளவுசு ஒண்ணு குடுத்தனுப்பு. துவைக்காம.”

“ஐயே, நாறும்மா அது!”

“நாறட்டும்டி.”

வியர்வையில் ஊறி ஊறித் தோல் கறுத்த அந்தக் கையுறையை மூன்று பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கட்டினோம். புத்தலப்பட்டில் முனிகிருஷ்ணன் அண்ணன் பையைக் கையில் வாங்கியதுமே முகத்தைச் சுளித்தார்.

“இன்னாம்மா இது, கருவாடா?” என்று முடிச்சை அவிழ்க்கப் போனார்.

மங்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “தொறக்காதீங்கண்ணா. வாசன பூடும்.”