வால்ஐ மீனைப் பிடித்தது நானே

டெக்சாஸ் தமிழர்களே, அடுப்பை அணையுங்கள்! கடல் போன்ற ஏரியில் இன்று ஒரு வால்ஐ (walleye) மீனை வென்று திரும்பியிருக்கிறேன். வாலில் கண்ணைத் தேடாதீர்கள், பெயர்தான் அப்படி.

காலை முழுக்கத் தூண்டில் தக்கை தண்ணீரில் மல்லாந்தே கிடந்தது.

படகில் என் மனைவி, "ஏங்க, தக்கை தூங்குது பாருங்க. புழு தரையில கிடக்குது. முடிச்சை முள் பக்கம் தள்ளுங்க" என்றாள்.

"எனக்கே ஃபிஷிங் சொல்லித் தர்றியா?"

தக்கையை நிறுத்தும் அந்த நூல் முடிச்சை அவளே ஒரு முழம் தள்ளினாள். தக்கை எழுந்து நின்றது. அடுத்த நொடி மாயம்!

இழுத்தேன். மீன் வெளியே வந்ததும் ஏரி இரண்டடி இறங்கிவிட்டது.

"மீன் என்னோடது" என்கிறாள். மீன்பிடி லைசென்ஸ் யார் பெயரில்? என் பெயரில்!

என் கட்சிக்காரர்கள் உடனே பதில் போடுங்கள். ஆனால் அவளும் படிக்கும் இந்தக் குழுவுக்கு வேண்டாம், எனக்கு மட்டும். குழம்பு வைப்பது அவள்.